பி.ஜி. டாக்டர் வார்டில் பாடம் எடுப்பது எப்படி, மாணவர் கருத்தைக் கேட்பது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

அரசு மருத்துவக் கல்லூரியில் யூனிட் சீஃபின் வகுப்பு காலையோடு முடிந்துவிடும். அதன்பிறகு, புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் இரவில் தமனியிலிருந்து ரத்தம் எடுக்கத் தெரியாமல் ஹவுஸ் சர்ஜன் (படிப்பை முடித்துப் பயிற்சியில் இருப்பவர்) விழிக்கும்போதும், நோயாளியை விசாரித்துப் பரிசோதித்து, அதாவது கேஸ் எடுத்து முடித்த இறுதியாண்டு மாணவர் அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நிற்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் பட்ட மேற்படிப்பு படிக்கும் டாக்டரான பி.ஜி.தான். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கற்பிப்பதில் பி.ஜி.க்கள் பங்கேற்க வேண்டும் என்று பட்ட மேற்படிப்பு விதிகளே சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் ஆராய்ச்சி முறை, மருத்துவ நெறிமுறை, இதய உயிர்காப்பு ஆகியவற்றில் பயிற்சி முடிக்கச் சொல்கின்றன. எப்படிக் கற்பிப்பது என்ற பயிற்சி அந்த வரிசையில் இல்லை. ஆசிரியர்களுக்கு அது உண்டு, பி.ஜி.க்கள் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தமக்கு வாய்த்த ஆசிரியர் திட்டினால் திட்டவும், சிரித்தால் சிரிக்கவும்.

பி.ஜி.யிடம் பேராசிரியருக்கு இல்லாத ஒரு அனுகூலம் உண்டு. மூன்று நான்கு வருடத்துக்கு முன் அவரும் இதே இடத்தில் தடுமாறியவர். எது புரியாது என்பது நினைவில் இருக்கும். நேரமின்மையும் தூக்கமின்மையும்தான் அவருடைய சிக்கல். அதனால் கீழே சொல்லும் எல்லா முறைகளும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் அடங்குபவை.

போஸ்டிங்கின் முதல் நாள்

மாணவர்கள் சில வாரம் ஒரு துறையின் வார்டில் பயில வருவதுதான் போஸ்டிங். அவர்கள் வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வருடம்? இதற்கு முன் எந்தெந்த போஸ்டிங் முடித்திருக்கிறார்கள்? இந்த முறை எதை உறுதியாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும்? இரண்டாம் வருட மாணவருக்கு ஹிஸ்டரி எடுப்பதே, அதாவது நோயின் கதையைக் கேட்டு வாங்குவதே மலை. இறுதியாண்டு மாணவருக்கு ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது வேண்டும். ஹவுஸ் சர்ஜனுக்குக் கைவேலையும், எப்போது மேலே கூப்பிட வேண்டும் என்ற தெளிவும் வேண்டும். மூவரையும் ஒரே கட்டிலைச் சுற்றி நிறுத்தி ஒரே பாடம் எடுத்தால் யாருக்கும் முழுதாகப் போய்ச் சேராது.

பெரிய கல்லூரிகளில் ஒரு பேட்ச்சில் இருபது பேருக்கு மேல் வந்து நிற்பார்கள். ஒரு நோயாளிக்கு ஐந்தாறு பேர் என்று பிரித்துவிடுங்கள். ஒரு குழு உங்களோடு இருக்கட்டும். மற்றவர்கள் கேஸ் எடுக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால் பின்வரிசைக்காரர் பார்ப்பது முன்வரிசைக்காரரின் வெள்ளைக் கோட்டை மட்டும்தான்.

நோயாளியைத் தேர்ந்தெடுப்பதும் பாடத்தின் பகுதி. பத்து நிமிடம் மூச்சு வாங்காமல் பேசக்கூடியவர், நேற்று ஆபரேஷன் ஆகாதவர், நேற்றே மூன்று குழுக்கள் பார்த்துவிட்டுப் போகாதவர். முதல்நாளே தமிழில் கேட்டுவிடுங்கள்: "அம்மா, படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் உங்க வயித்தைத் தொட்டுப் பார்ப்பாங்க. வேணாம்னா தாராளமா சொல்லலாம், உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியுள்ள வயிற்றை இரண்டு பேருக்கு மேல் அழுத்த விடாதீர்கள். பெண் நோயாளி என்றால் திரையும் பெண் உதவியாளரும் இருந்தபிறகே தொடங்குங்கள்.

கட்டிலருகே ஐந்து நிமிடம்

'ஒரு நிமிட ஆசான்' என்று சொல்லப்படும் முறை 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவத் துறையில் உருவானது. பெயருக்குத்தான் ஒரு நிமிடம், நடைமுறையில் ஐந்து ஆகும். படிகளும் ஐந்து: மாணவரை ஒரு முடிவு சொல்லவைப்பது, அதற்கு ஆதாரம் கேட்பது, ஒரு பொதுவிதி கற்பிப்பது, சரியாகச் செய்ததைச் சொல்வது, தவறைத் திருத்துவது. வார்டில் அது இப்படி ஓடும்.

"சார், 55 வயசு, ரெண்டு வாரமா மூச்சுத் திணறல், கால் வீக்கம்."

"நீ என்னன்னு நினைக்கிற?"

"ஹார்ட் ஃபெயிலியர் சார்."

"எதை வெச்சு சொல்ற?"

"படுத்தா மூச்சு அதிகமா வாங்குது. ஜே.வி.பி. (கழுத்துச் சிரை அழுத்தம்) ஏறியிருக்கு சார்."

"சரி. வீக்கம்னு ஒருத்தர் வந்தா எங்க முதல்ல ஆரம்பிச்சதுன்னு கேளு. காலில் ஆரம்பிச்சு மேல ஏறினா இதயம், வயிறு முதல்ல வீங்கினா கல்லீரல், காலையில எழுந்ததும் முகமும் கண்ணும் வீங்கியிருந்தா சிறுநீரகம்னு முதல் சந்தேகம் போகட்டும். விதிவிலக்கு உண்டு, ஆனா இந்தக் கேள்வியை விடாதே. ஜே.வி.பி.யை 45 டிகிரி சாய்ச்சு வெச்சுப் பார்த்தே, அது சரியான முறை. யூரின்ல அல்புமின் பார்க்காம சிறுநீரகத்தைத் தள்ளிட்டே. இன்னிக்குப் பார்த்துட்டு வந்து சொல்லு."

இது பெரும்பாலும் முதல் படியிலேயே சறுக்கும். மாணவர் இரண்டு வாக்கியம் சொன்னதும் பி.ஜி. கேஸைப் பிடுங்கி நோயாளியிடம் தாமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். டியூட்டி டாக்டருக்கு அது இயல்பு, நோயாளி முன்னால் இருக்கிறார், விடை தெரிந்தாக வேண்டும். ஆனால் அந்தக் கணத்தோடு மாணவரின் யோசனை நின்றுவிடுகிறது. நோயாளிக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இரண்டாவது சறுக்கல், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காதது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே மௌனம் தாங்க முடியாமல் விடையை நாமே சொல்லிவிடுவோம். இன்னொன்று தொனி. "ஏன்?" என்று மொட்டையாகக் கேட்டால் மாணவர் காதில் அது "தப்பு" என்றே விழும், சரியான விடையையும் மாற்றிச் சொல்வார். "எதை வெச்சு?" என்று கேட்டால் ஆதாரத்தைத் தேடுவார்.

பொதுவிதி ஒன்றே ஒன்று போதும். ஹார்ட் ஃபெயிலியரில் தொடங்கி மருந்து அளவு, ஈ.சி.ஜி., எக்கோ என்று போனால் பி.ஜி. பரீட்சைக்குத் தமக்கே ரிவிஷன் செய்துகொள்கிறார் என்று அர்த்தம்.

கைவேலை கற்பிக்கும்போது

சலைன் ஏற்றக் கையில் போடும் வென்ஃப்ளான் ஊசியை எடுத்துக்கொள்வோம். பேட்டன் என்பவர் பெயரில் வழங்கும் நான்கு படி முறை இதற்குப் பொருந்தும். முதலில் நீங்கள் வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லிச் செய்யுங்கள். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கடைசியில் மாணவர் சொல்லிக்கொண்டே தாமே செய்யட்டும். நேரமில்லை என்று எல்லோரும் தாண்டிவிடுவது மூன்றாவது படியைத்தான். மாணவருக்கு எது தெரியாது என்பது வெளிப்படும் இடமும் அதுதான். நான்கும் முதலில் ஸ்கில்ஸ் லேபில் பொம்மைக் கையில் நடக்கட்டும். விழித்திருக்கும் நோயாளியின் கையை வைத்துக்கொண்டு "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பது அவரைக் கலங்கடிக்கும்.

சொல்லிக்கொடுக்க வேண்டிய நுணுக்கங்கள்: பெரியவருக்கு வழக்கமான மருந்து, சலைனுக்கு 20 அளவு (பிங்க்), மெல்லிய நரம்புக்கு (நரம்பு என்று நாம் சொல்வது இங்கே ரத்தக்குழாயான சிரையை) 22 (நீலம்), வேகமாக நீரோ ரத்தமோ ஏற்ற வேண்டுமென்றால் 18 (பச்சை) அல்லது அதைவிடப் பெரியது. டூர்னிகேயை (கையை இறுக்கும் பட்டை) குத்தும் இடத்துக்கு நான்கு விரல் மேலே கட்டவும். ஸ்பிரிட் உலரட்டும், ஈரத்தில் குத்தினால் எரியும், கிருமியும் முழுதாகச் சாகாது. தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து 15 முதல் 30 டிகிரி சாய்வில் நுழைக்கவும்.

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் ஊசியின் பின்பக்கம் ரத்தம் தெரிந்த பிறகுதான். ஊசிமுனை பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்று நீண்டிருக்கும். ரத்தம் தெரியும்போது ஊசி நரம்புக்குள் போயிருக்கும், குழாயின் நுனி இன்னும் சுவருக்கு வெளியே நிற்கலாம். அந்த நிலையிலேயே குழாயைத் தள்ளினால் நரம்பு நழுவும், இடம் வீங்கும். சாய்வைக் குறைத்து, முழுதையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோய், பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக் குழாயை மட்டும் தள்ள வேண்டும். இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் தாமே திருத்திக்கொள்வார். "கை பழகினா வந்துரும்" என்று சொல்லி அனுப்பினால் பத்து நோயாளிகளின் கை வீங்கிய பிறகே வரும்.

இரண்டு முறை தவறினால் மாணவர் கைமாற்றிவிட வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தொடங்கிய பிறகு சொன்னால் அது அவமானமாகத் தெரியும். ஊசிக்கு மூடி மீண்டும் போடக் கூடாது. குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாணவருக்கு நீங்கள் சொல்லும் கருத்து

மாணவர்களிடம் கருத்து கேட்பதற்கு முன், அவர்களுக்கு நீங்கள் கருத்து சொல்லியிருக்க வேண்டும். நீங்களே கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "நல்லா பண்ணினே" என்பதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. "மண்ணீரலைத் தேடும்போது வலது கீழ் வயிற்றிலிருந்து ஆரம்பிக்கல, அதனால பெரிசா இருந்தா தவறியிருக்கும்" என்பதில் நாளைக்குச் செய்ய ஒன்று இருக்கிறது. நோயாளி முன்னால் வேண்டாம். வராந்தாவில் ஒரு நிமிடம் போதும்.

சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் விளைவு பெரிது: "இப்ப உனக்கு ஃபீட்பேக் சொல்றேன்" என்று பெயர் சொல்லியே ஆரம்பியுங்கள். போகிற போக்கில் சொன்னதை மாணவர்கள் கருத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. போஸ்டிங் முடிவில் "ஃபீட்பேக் கிடைத்ததா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதுவார்கள், பி.ஜி.யோ தினமும் சொன்னேனே என்று திகைப்பார்.

மாணவரிடம் கருத்து கேட்பது

கருத்துப் படிவம் உயிரில்லாமல் போவதற்கு முதல் காரணம் அது கொடுக்கப்படும் நேரம். கடைசி நாளன்று, செய்த வேலைகளைப் பதியும் லாக்புக்கில் கையெழுத்துக்காக வரிசையில் நிற்கும்போது, கையெழுத்துப் போடப்போகிற அதே பி.ஜி. படிவத்தையும் நீட்டினால் எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்துதான் வரும். லாக்புக், வருகைப்பதிவு, இன்டர்னல் மதிப்பெண் மூன்றிலிருந்தும் படிவத்தை விலக்கி வையுங்கள். கையெழுத்து முடிந்த மறுநாள் அனுப்பினால் பதில்கள் குறையும், நேர்மை கூடும். துறையில் எம்.பி.பி.எஸ். வகுப்புகளைக் கவனிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். பி.ஜி. தம்மைப் பற்றிய படிவத்தைத் தாமே வாங்கக் கூடாது.

கடைசி நாள் படிவம் அடுத்த பேட்ச்சுக்குத்தான் உதவும். இதே பேட்ச்சுக்கு உதவ, நடுவிலும் கேளுங்கள்: நான்கு வார போஸ்டிங் என்றால் இரண்டாம் வார முடிவில், இரண்டு வாரம் என்றால் ஆறாம் ஏழாம் நாளில். இதற்குப் படிவம்கூட வேண்டாம். கால் தாள் துண்டு கொடுத்து, பெயரில்லாமல், பெரிய எழுத்துகளில் இரண்டு வரி: இன்று தெளிவானது ஒன்று, இன்னும் குழப்பமாக இருப்பது ஒன்று. மதியம் படித்துவிட்டு மறுநாள் அதிலிருந்தே தொடங்குங்கள்: "நேத்து அஞ்சு பேர் பெர்கஷன் (விரலால தட்டிப் பார்க்கிறது) சத்தத்துல வித்தியாசம் தெரியலைன்னு எழுதியிருந்தீங்க. வாங்க, முதல்ல அதைப் பார்ப்போம்." இதைச் செய்யாமல் துண்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தால் மூன்றாவது முறை காலித் துண்டுகள் வரும்.

முடிவுப் படிவத்தில் மதிப்பெண் போடும் கேள்விகளை ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். "சிறந்த ஆசிரியர்: ஒப்புக்கொள்கிறேன் / மறுக்கிறேன்" என்ற பாணியை விட்டுவிட்டு, எத்தனை முறை நடந்தது என்று கேளுங்கள். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, பாதி வேளைகளில், பெரும்பாலும், ஒவ்வொரு முறையும் என்று 1 முதல் 5 வரை ஐந்து நிலை. கேள்விகள் இப்படி இருக்கலாம்:

1. நான் நோயாளியைப் பரிசோதிப்பதை இவர் நேரில் நின்று பார்த்தார்.
2. விடை சொல்லும் முன் என் முடிவைக் கேட்டார்.
3. எதைத் திருத்த வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னார்.
4. தெரியவில்லை என்று சொல்லத் தயங்காத சூழல் இருந்தது.
5. எனக்குப் புரியும் மொழியில், தேவைப்பட்டால் தமிழிலும், விளக்கினார்.
6. நோயாளியிடம் அனுமதி கேட்டு, மரியாதையாக நடந்துகொண்டார்.

பிறகு இரண்டு திறந்த கேள்விகள்: இவர் தொடர்ந்து செய்ய வேண்டியது என்ன, மாற்ற வேண்டிய ஒன்று எது. 'குறைகள்' என்று தலைப்பிட்டால் ஒன்றுமில்லை என்பார்கள்; 'ஒன்று' என்று கேட்டால் ஒன்றை எழுதுவார்கள்.

ஐந்தாவது கேள்வி நம் ஊருக்கு முக்கியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தபின், தமிழ் வழியில் படித்தவர்கள் வகுப்பில் முன்பைவிட அதிகம். இன்னொரு பக்கம், அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த பி.ஜி.க்குத் தமிழே தெரியாமல் இருக்கும். இருவரும் ஒரே கட்டிலருகே நிற்கும்போது நோயாளியின் பேச்சை பி.ஜி.க்கு மாணவர் மொழிபெயர்க்க, பாடத்தை மாணவருக்கு பி.ஜி. நிறுத்தி நிதானமாகச் சொல்ல, ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கலாம். நடக்கிறதா என்று இந்தக் கேள்வி காட்டும். திறந்த கேள்விகளுக்குத் தமிழிலும் எழுதலாம் என்று படிவத்தின் தலையிலேயே போடுங்கள்.

பெயர் தெரியாமல் இருப்பது சொல்வதுபோல் எளிதல்ல. கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைக்கவும். ஒருவருக்கு ஒரே பதில் என்ற வசதியும் வேண்டாம். அது உள்நுழையச் சொல்லும், மின்னஞ்சல் பதிவாகாவிட்டாலும் மாட்டிக்கொள்வோம் என்று மாணவர் நினைப்பார். பதில் வந்த நேரம் தாளில் தானாகப் பதிவாகும், பி.ஜி.யிடம் கொடுக்கும் முன் அந்த நெடுவரிசையை அழித்துவிடுங்கள். பேட்ச்சில் பெண்கள் ஒரே ஒருவர் என்றால் பாலினம் கேட்காதீர்கள். ஐந்துக்கும் குறைவான பதில்கள் இருந்தால் அடுத்த பேட்ச்சோடு சேர்த்தே கொடுங்கள்.

வந்ததைப் படிப்பது

நோயாளி "வயித்து வலி" என்று சொன்னால் நாம் அதை நோயின் பெயராக எழுதுவதில்லை. அதே நேரம் பொய் என்றும் தள்ளுவதில்லை. மாணவர் எழுதுவதையும் அப்படித்தான் படிக்க வேண்டும். "வேகமாகப் பேசுகிறார்" என்ற குறிப்பின் பின்னால் உண்மையில் வேகம் இருக்கலாம். விளக்காத சுருக்கெழுத்துகள் இருக்கலாம். விளக்கத்தின் முதல் இரண்டு படியைத் தாண்டி மூன்றாவதிலிருந்து தொடங்கும் பழக்கம் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு உதவிப் பேராசிரியரைப் பத்து நிமிடம் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

சராசரியை நம்ப வேண்டாம். ஐந்து பேரும் 4 போட்டாலும் சராசரி 4. மூன்று பேர் 5, ஒருவர் 4, ஒருவர் 1 போட்டாலும் சராசரி 4. இரண்டாவதில் ஒருவருக்கு ஏதோ நடந்திருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை பேர் என்று பாருங்கள்.

மதிப்பெண் கற்றலைத்தான் அளக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 1973இல் வெளியான 'டாக்டர் ஃபாக்ஸ்' ஆய்வில், ஒரு நடிகர் மருத்துவ நிபுணர் வேடத்தில் வந்து உள்ளடக்கமே இல்லாத உரையைச் சுவையாக ஆற்றினார். கேட்ட கல்வியாளர்கள் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். 2018இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்த குழுக்கள் அதே பாடத்துக்கு அதிக மதிப்பெண் போட்டன. நம் வார்டில் பிஸ்கட்டுக்குப் பதில் பன்னிரண்டு மணிக்கு முன்பே வீட்டுக்கு அனுப்புவது. அதனால்தான் மேலே உள்ள ஆறு கேள்விகளும் பிடித்ததா என்று கேட்காமல், நடந்ததா என்று கேட்கின்றன.

படிக்கும் முன், அதே ஆறு கேள்விக்கு நீங்களே உங்களுக்கு மதிப்பெண் போட்டு வையுங்கள். உங்கள் எண்ணும் மாணவர் எண்ணும் எங்கே அதிகம் விலகுகின்றனவோ அங்கிருந்து தொடங்குங்கள். இருபத்துநான்கு மணி டியூட்டி முடித்த காலையில் படிக்காதீர்கள். அந்த மனநிலையில் எட்டு நல்ல குறிப்பும் மறைந்து ஒரு கசப்பான வரி மட்டும் நிற்கும். யார் எழுதியிருப்பார் என்று தேடத் தொடங்கினால் தாளை மூடிவிடுங்கள். குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: நாளையே மாற்றக்கூடியவை, யூனிட்டில் பேச வேண்டியவை (இடமில்லை, அட்மிஷன் நாளில் வகுப்பு வேண்டாம் போன்றவை), மாற்றத் தேவையில்லாதவை. முதல் குவியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து அடுத்த பேட்ச் முழுக்கச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

அவமதிப்பு, மிரட்டல், பாலியல் சீண்டல் பற்றிய வரி வந்தால் அது கருத்துப் படிவத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதை பி.ஜி.யிடம் காட்டி விளக்கம் கேட்கும் வேலை வேண்டாம். பொறுப்பாளர் நேராகத் துறைத் தலைவருக்கும், ராகிங் தடுப்புக் குழு அல்லது உள் புகார்க் குழுவுக்கும் கொண்டுபோக வேண்டும்.

துறை செய்ய வேண்டியது

முடிவுகளைத் தனி அறையில், இருபது நிமிடம், ஒரு ஆசிரியர் உட்கார்ந்து கொடுக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், யார் முதலிடம் என்று வரிசைப்படுத்துவதும் ஒரே வருடத்தில் எல்லா பி.ஜி.க்களையும் 'சீக்கிரம் விட்டுவிடும் அண்ணன்' ஆக்கிவிடும்.

கற்பிக்கும் பொறுப்பை வருடத்துக்கேற்பப் பிரிப்பது நல்லது. முதலாண்டு பி.ஜி. மூச்சுவிட நேரமில்லாதவர், அவரிடம் கேஸ் ஷீட் எழுதுவது, ரத்தம் எடுப்பது, டியூப் போடுவது மட்டும் போதும். கட்டிலருகே கேஸ் கேட்பதை இரண்டாமாண்டுக்காரர் எடுக்கட்டும். மூன்றாமாண்டுக்காரருக்குப் பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் விலக்கு கொடுங்கள். மாவட்ட மருத்துவமனையில் செய்யும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு பி.ஜி. கிளம்பிப் போகும் முன்பே கருத்தைக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தபின் கொடுத்தால் எந்த பேட்ச், எந்த நோயாளி என்பதே அவருக்கு நினைவிருக்காது.

படிவங்கள் தொடர்ந்து காலியாகவோ எல்லாம் ஐந்தாகவோ வந்தால் கேள்விகளை மாற்றுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள்: போன பேட்ச் சொன்ன ஒன்றாவது மாறியதா, அது இந்த பேட்ச்சுக்குச் சொல்லப்பட்டதா. அடுத்த போஸ்டிங்கின் முதல் நாள் பத்து நிமிடத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள்: "உங்க சீனியர்ஸ் கேட்டதால இனிமே பெர்கஷனை ஒவ்வொருத்தரும் தனியா செஞ்சு காட்டணும், நான் பக்கத்துல நிப்பேன்."